நெருப்பில்லாத புகை



சிரம்பானிலிருந்து தம்பின் நோக்கிச் செல்லும் பழைய சாலையில், ரெம்பாவ் வட்டாரத்தில் இருக்கிறது பெடாஸ். மலாய் மொழியில் பெடாஸ் என்ற சொல்லுக்குக் காரம் என்று பொருள். அங்கே நிலத்தடியிலிருந்து வெந்நீர் ஊறி வருகிறது. அடுப்பு இல்லை, விறகு இல்லை. ஆனால் கையை விட்டால் சூடு தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து சூடு வருவது அவ்வூர் மக்களுக்குப் புதிய செய்தி அல்ல. இன்று நாம் பேசப்போவதும் நெருப்பே கண்ணில் படாத ஒரு சூட்டைப் பற்றித்தான். அதன் பெயர் மின்சிகரெட். நம் பிள்ளைகள் அதை 'வேப்' என்கிறார்கள்.

பெடாஸ் சுற்றுப்புறத் தோட்டமொன்றில் வாழும் ஒரு தாயை மனத்தில் நினைத்துக் கொள்வோம். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போகிறார். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிவிட்டுப் பிற்பகல் வீடு திரும்புகிறார். பதினைந்து வயது மகனின் பள்ளிச் சட்டையைத் துவைக்க எடுக்கிறார். சட்டையில் மாம்பழ மணம். பையைத் துழாவினால், தடித்த பேனாவைப் போன்ற வண்ணப் பொருள் ஒன்று கையில் அகப்படுகிறது. 'என்னடா இது?' என்று கேட்கிறார். 'வேப்புமா. சும்மா ஆவிதான் வரும். சிகரெட்டு மாதிரி இல்ல. கடையிலேயே விக்கிறாங்க. கெட்டதுன்னா கவர்மெண்டு விக்க விடுமா?' என்று மகன் திருப்பிக் கேட்கிறான்.

அந்தத் தாய்க்குப் பதில் தெரியவில்லை. பீடி என்றால் தெரியும். சுருட்டு என்றால் தெரியும். வெற்றிலையோடு புகையிலை போட்டால் வாய் என்ன ஆகும் என்பதும் தெரியும். இதுவோ சாம்பல் இல்லாதது, நாற்றம் இல்லாதது. ஆனால் மகன் கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான். கெட்டது என்றால் அரசாங்கம் விற்க விடுமா? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய உரையின் நோக்கம்.

முதலில் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். வாணலியில் எண்ணெய் காய்ந்தால் ஆவி எழுவதைப் பார்த்திருக்கிறோம். வேப் கருவிக்குள் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். உள்ளே ஒரு சிறிய மின்கலம் இருக்கிறது. கைப்பேசியில் இருக்கும் வகையைச் சேர்ந்தது. அதிலிருந்து வரும் மின்சாரம் ஒரு மெல்லிய உலோகச் சுருளைச் சூடாக்குகிறது. சுருளைச் சுற்றியுள்ள பஞ்சு ஒரு திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கிறது. சுருள் சூடானதும் திரவம் ஆவியாகிறது. அதைத்தான் வாயால் இழுக்கிறார்கள். 2003-ஆம் ஆண்டு வாக்கில் சீனாவைச் சேர்ந்த ஹான் லிக் என்ற மருந்தாளர் இன்றைய வடிவத்துக்கு வழிகாட்டிய கருவியைச் செய்தார். அதன் பிறகு அது உலகெங்கும் பரவிவிட்டது.

அந்தத் திரவத்தில் என்ன இருக்கிறது? புரோப்பிலின் கிளைக்கால், கிளிசரின் என்ற இரண்டு வழவழப்பான நீர்மங்கள் இருக்கின்றன. மாம்பழம், முலாம்பழம், புதினா போன்ற வாசனைச் சத்துகள் இருக்கின்றன. பெரும்பாலான வகைகளில் நிக்கோட்டின் இருக்கிறது. ஆகவே வெளியே வருவது வெறும் தண்ணீர் ஆவி என்ற பேச்சு பொய். அதில் மிக நுண்ணிய துகள்கள் உள்ளன. சுருளிலிருந்து கரைந்து வரும் நிக்கல், ஈயம் போன்ற உலோகங்களும் சிறிதளவு கலந்திருக்கக் கூடும். அளவுக்கு மீறிச் சூடேறினால் பார்மால்டிஹைடு என்ற நச்சும் உண்டாகிறது. உயிரற்ற உடல்களைக் கெடாமல் வைக்கப் பயன்படும் மருந்து அதிலிருந்துதான் செய்யப்படுகிறது.

நிக்கோட்டின் என்பது புகையிலைச் செடியில் இயற்கையாக உள்ள பொருள். செடி அதை ஏன் உண்டாக்குகிறது? தன் இலையைத் தின்ன வரும் பூச்சிகளைக் கொல்வதற்காக. அந்தக் காலத்து விவசாயிகள் புகையிலையை ஊறவைத்த நீரைப் பயிர்களுக்குத் தெளித்தார்கள். பின்னர் நிக்கோட்டின் சல்பேட் என்ற பெயரில் அது பூச்சிக்கொல்லியாகவே கடைகளில் விற்கப்பட்டது. தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்த நம் தாய்மார்களுக்கு இதை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. கையுறை, முகமூடி, நீண்ட காலணி இல்லாமல் மருந்துத் தோம்பைத் தொடக்கூடாது. மருந்தடித்த கையோடு சோறு உண்ணக்கூடாது. மருந்துக் கொட்டகைப் பூட்டைப் பிள்ளைகள் நெருங்கக்கூடாது. இந்த விதிகளெல்லாம் நமக்குப் பழக்கமானவை. பூச்சிக்கொல்லியாக விற்கப்பட்ட அதே வகைப் பொருளைத்தான், அளவைக் குறைத்து, மாம்பழ வாசனை சேர்த்து, அழகான கூட்டில் அடைத்து நம் பிள்ளைகளின் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

நுரையீரலுக்குள் இழுத்த நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையைச் சென்று அடைகிறது. அங்கே ஒரு மகிழ்ச்சி உணர்ச்சியைத் தூண்டுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. சற்று நேரத்தில் அந்த மகிழ்ச்சி வடிந்துவிடுகிறது. உடனே மூளை இன்னொரு முறை கேட்கிறது. இதுதான் அடிமைப் பழக்கம் பிறக்கும் வழி. மனித மூளை ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. வளரும் மூளையில் பதிந்த பழக்கம், வளர்ந்த மூளையில் பதிந்ததைவிட ஆழமாக வேரூன்றும். இளங்கன்றில் கட்டிய கம்பி மரம் பெருக்கும்போது பட்டைக்குள் புதைந்து போவதைப் பால்மரக் காட்டில் பார்த்தவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். வேப் கிடைக்காதபோது பையன் எரிந்து விழுகிறான். பாடத்தில் மனம் நிற்பதில்லை. இரவில் தூக்கம் வருவதில்லை. வயதுக் கோளாறு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சிகரெட்டில் புகையிலை எரிகிறது; அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகின்றன. வேப்பில் எதுவும் எரிவதில்லை. ஆகவே பல ஆண்டுகள் சிகரெட் பிடித்த ஒருவர் அதை முற்றிலும் விட்டுவிட்டு வேப்புக்கு மாறினால், அவர் உள்ளிழுக்கும் நச்சுப் பொருள்கள் குறையும் என்பது உண்மையே. பிரிட்டனில் சிகரெட்டை விடுவதற்கு இதை ஒரு துணையாகவும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதே பிரிட்டன்தான், ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்புகளை 2025 ஜூன் 1 முதல் விற்கக்கூடாது என்று தடுத்தது. சிகரெட்டை விட முயலும் ஐம்பது வயதுக்காரரின் கணக்கு வேறு. எதையுமே தொடாத பதினைந்து வயதுப் பிள்ளையின் கணக்கு வேறு. கிழவருக்குக் கொடுத்த கைத்தடியைக் குழந்தையின் காலில் கட்டினால் குழந்தை நடக்குமா?

நம் நாட்டில் நிலைமை எப்படி இருக்கிறது? 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் மின்சிகரெட் பிடிப்போர் 2011-ஆம் ஆண்டில் நூற்றுக்கு 0.8 பேராக இருந்தனர். 2023-ஆம் ஆண்டில் 5.8 பேராகிவிட்டனர். பள்ளிப் பிள்ளைகளின் கணக்கு இன்னும் கவலை தருகிறது. 13 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களிடையே சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், சிகரெட் பிடிப்போர் 2017-இல் நூற்றுக்கு 13.8 பேராக இருந்து 2022-இல் 6.2 பேராகக் குறைந்தனர். ஆனால் அதே ஐந்தாண்டுகளில் வேப் பிடிப்போர் 9.8 பேரிலிருந்து 14.9 பேராகக் கூடினர். நாற்பது பேர் கொண்ட ஒரு வகுப்பை எடுத்துக்கொண்டால் அதில் ஆறு பிள்ளைகள். முன்வாசலைச் சாத்தியபோது பின்வாசல் திறந்து கிடந்தது என்பதையே இந்த எண்கள் நமக்குக் காட்டுகின்றன.

அந்தப் பின்வாசல் எப்படித் திறந்தது? இனி சட்டத்தின் கதைக்கு வருவோம்.

நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் சட்டம் என்று ஒன்று உண்டு. நிக்கோட்டின் அதன் பட்டியலில் இருந்தது. உரிமம் பெற்ற மருந்தாளரோ மருத்துவரோ தவிர மற்றவர்கள் நிக்கோட்டின் கலந்த வேப் திரவத்தை விற்பது குற்றம். ஆனாலும் கடைகளில் விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். 2015-ஆம் ஆண்டின் இறுதியில் சுகாதார அமைச்சின் அதிகாரிகள் பல கடைகளைச் சோதனையிட்டுத் திரவங்களைக் கைப்பற்றினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் தேசிய பத்வா மன்றம், வேப் பிடிப்பது முஸ்லிம்களுக்கு விலக்கப்பட்டது என்று அறிவித்தது. ஜொகூரில் 2016 ஜனவரி 1 முதல் வேப் விற்பனை நிறுத்தப்பட்டது.

ஒரு மாநிலம் மட்டும் எப்படித் தடுக்க முடிகிறது என்று நேயர்கள் கேட்கலாம். சுகாதாரச் சட்டம் கூட்டரசு நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. ஆனால் கடைக்கு உரிமம் கொடுப்பது மாநில அரசின் கீழுள்ள நகராண்மைக் கழகங்களின் வேலை. வேப் விற்கும் கடைக்கு உரிமம் இல்லை என்று மாநிலம் முடிவெடுத்தால், அங்கே முறையாகக் கடை வைக்க முடியாது. இந்த வழியில்தான் திரங்கானுவும் 2025 ஆகஸ்டு 1 முதல் விற்பனையை நிறுத்தியது. ஒரு மாநிலத்தில் கிடைக்காத பொருள் பக்கத்து மாநிலத்தில் கிடைப்பதற்கும் இதுவே காரணம்.

அடுத்து வரி. நிக்கோட்டின் இல்லாத திரவத்துக்கு 2021 ஜனவரி முதல் வரி விதிக்கப்பட்டது. நிக்கோட்டின் உள்ளதற்கோ வரி இல்லை. ஏனென்றால் அது சட்டப்படி பொது விற்பனைக்கே உரியதல்ல. விற்பனை நடக்கிறது, வரி வரவில்லை. இந்த நிலையில் 2023-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், நிக்கோட்டின் திரவத்துக்கும் வரி விதிக்கப்படும், அந்த வருவாயில் பாதி சுகாதார அமைச்சுக்குப் போகும் என்று அறிவித்தார்கள். வரி விதிக்க வேண்டுமானால் அது நச்சுப் பட்டியலில் இருக்கக் கூடாது. எனவே 2023 மார்ச் 31-இல் மின்சிகரெட்டுக்கான நிக்கோட்டின் திரவம் அந்தப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது. மறுநாள், ஏப்ரல் 1 முதல் ஒரு மில்லிலிட்டருக்கு 40 காசு வரி நடைமுறைக்கு வந்தது.

இங்கேதான் வேலி அவிழ்ந்தது. பழைய சட்டத்திலிருந்து நிக்கோட்டின் திரவத்தை எடுத்தாகிவிட்டது. புதிய சட்டம் இன்னும் வரவில்லை. வேப் திரவத்தைப் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது என்று தடுக்க நாட்டில் தனிச் சட்டம் எதுவும் இல்லாமல் போயிற்று. இந்த நிலை 2024 செப்டம்பர் இறுதிவரை, அதாவது பதினெட்டு மாதங்கள் நீடித்தது. மருத்துவர் சங்கங்களும் சிறுவர் நல அமைப்புகளும் இதைக் கண்டித்துக் குரல் எழுப்பின. மூன்று அமைப்புகள் சேர்ந்து நீதிமன்றத்துக்கும் சென்றன. 'கடையிலேயே விக்கிறாங்க' என்று மகன் சொன்னானே, அந்தத் துணிச்சல் வேர்விட்ட காலம் அதுதான்.

புதிய சட்டம் ஏன் இவ்வளவு தாமதமாயிற்று? 2022 ஜூலையில் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அவர் அப்போது ரெம்பாவ் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் என்பது நம் வட்டார மக்களுக்கு நினைவிருக்கும். 2007 ஜனவரி 1-ஆம் தேதியும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குச் சிகரெட்டும் வேப்பும் வாழ்நாள் முழுவதும் விற்கக்கூடாது என்பது அதன் முக்கியமான பகுதி. ஆண்டுகள் செல்லச் செல்லப் புகைக்கும் தலைமுறை தானே மறைந்துவிடும் என்பது திட்டம். மசோதா தேர்வுக் குழுவுக்குச் சென்றது. அதற்குள் 2022 அக்டோபரில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது.

பொதுத் தேர்தலுக்குப் பின் அமைச்சரான டாக்டர் சலிஹா முஸ்தபா 2023 ஜூனில் மசோதாவை மீண்டும் கொண்டுவந்தார். அப்போது ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. 2006 டிசம்பரில் பிறந்தவர் வாங்கலாம், 2007 ஜனவரியில் பிறந்தவர் எந்நாளும் வாங்கக் கூடாது என்றால், அது சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் அரசமைப்பின் 8-ஆவது விதிக்கு முரணாகும் என்று சட்டத்துறைத் தலைவர் கருத்துரைத்தார். எனவே பிறந்த ஆண்டுத் தடையை நீக்கிவிட்டு, எஞ்சிய பகுதிகளோடு 2023 நவம்பர் 30-இல் மக்களவையில் மசோதாவை நிறைவேற்றினார்கள். அது 2024-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரத்துக்கான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது 852-ஆம் சட்டம் ஆயிற்று. 2024 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. இதேபோன்ற தலைமுறைத் தடையை 2022-இல் சட்டமாக்கிய நியூசிலாந்தும், ஆட்சி மாறியதும் 2024-இல் அதை நீக்கிவிட்டது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

இந்த 852-ஆம் சட்டம் என்ன சொல்கிறது? நமக்குத் தேவையானவற்றை மட்டும் வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, சிகரெட், பீடி, வேப், ஷீஷா ஆகிய எல்லாம் இப்போது ஒரே சட்டத்தின் கீழ் வருகின்றன. வேப்புக்குத் தனிச் சலுகை கிடையாது.

இரண்டாவது, 18 வயது நிரம்பாத எவருக்கும் இவற்றை விற்கக் கூடாது. விற்பவர் தண்டிக்கப்படுவார். கடைக்காரர் மட்டுமல்ல, லயத்து வீட்டில் இருந்தபடி கைப்பேசி வழியாக விற்கும் அண்ணன்மார்களுக்கும் இது பொருந்தும். இணைய விற்பனையும், காசு போட்டால் பொருள் தரும் இயந்திர விற்பனையும் தடுக்கப்பட்டுள்ளன.

மூன்றாவது, 18 வயது நிரம்பாதவர் புகைப்பதும் வேப் பிடிப்பதும் குற்றம். 500 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். அல்லது சமூக சேவை செய்யும்படி உத்தரவிடலாம். ஒரு தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தில் 500 வெள்ளி என்பது வீட்டுக்கு எத்தனை நாள் அரிசி, பருப்பு, பால் என்று நம் தாய்மார்களே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

நான்காவது, புகைக்கத் தடைசெய்யப்பட்ட இடங்களில் வேப்பும் பிடிக்கக் கூடாது. உணவுக் கடை, மருத்துவமனை, பள்ளிக்கூடம், பேருந்து, அரசாங்க அலுவலகம் ஆகியவை அதில் அடங்கும். மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம். 'இது ஆவிதானே' என்று சாப்பாட்டுக் கடையில் சொல்லித் தப்ப முடியாது.

ஐந்தாவது, விளம்பரம் செய்யக் கூடாது. கடைகளில் கண்ணில் படும்படி சிகரெட்டை அடுக்கி வைப்பதற்கும் 2025 ஏப்ரல் 1 முதல் தடை வந்தது. விற்கும் பொருள்களைச் சுகாதார அமைச்சில் பதிவு செய்ய வேண்டும்; உறையில் எச்சரிக்கை இருக்க வேண்டும்.

ஆகவே பதினைந்து வயது மகனிடம் அந்தத் தாய் இப்போது உறுதியாகச் சொல்லலாம்: 'உனக்கு விற்க யாருக்கும் அனுமதி இல்லை. விற்றவன் சட்டத்தை மீறியவன்.' கடையில் ஒரு பொருள் இருக்கிறது என்பதற்கு, அது எல்லாருக்கும் ஏற்றது என்று அரசாங்கம் முத்திரை குத்திவிட்டது என்று பொருள் ஆகாது. மண்ணெண்ணெயும் கடையில்தான் விற்கிறது. அதை யாரும் குடிப்பதில்லை. 'பாராக்குவாட்' களைக்கொல்லி பல ஆண்டுகள் தோட்டங்களில் சட்டப்படியே புழங்கியது; 2020 ஜனவரி 1 முதல்தான் நம் நாட்டில் அது தடைசெய்யப்பட்டது. தடைக்கு முந்திய நாள் வரை அது பாலாக இருந்து, மறுநாள் விஷமாக மாறிவிடவில்லை. உண்மை முன்னால் நடக்கும். சட்டம் பின்னால் நடந்து வரும். இடையில் உள்ள தூரத்தில்தான் ஏழை வீட்டுப் பிள்ளைகள் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

மற்ற நாடுகளைச் சற்றுப் பார்ப்போம். நம்மில் பலருக்குத் தமிழ்நாட்டில் உறவினர் உண்டு. நம் பிள்ளைகள் பலர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு 2018-இலேயே மின்சிகரெட்டைத் தடைசெய்தது. 2019-இல் இந்தியா முழுவதும் தடைச் சட்டம் வந்தது. அங்கே செய்வது, விற்பது, இறக்குமதி செய்வது எல்லாம் குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டுச் சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம் வரை போகலாம். சிங்கப்பூரில் 2018 முதல் வேப்பைக் கையில் வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பர் 1 முதல் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கினார்கள். ஏனென்றால், மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு முன் மயக்கம் கொடுக்கப் பயன்படும் எட்டோமிடேட் என்ற மருந்தைச் சிலர் வேப் திரவத்தில் கலந்து விற்கத் தொடங்கினார்கள். அதை உள்ளிழுத்தவர்கள் நடக்க முடியாமல் தள்ளாடி விழுந்தார்கள். ஆகவே ஊருக்குப் போகும்போதும், சிங்கப்பூர் எல்லையைக் கடக்கும்போதும் பையில் வேப் இருந்தால், வேலையும் போகலாம், மானமும் போகலாம்.

போதைப் பொருள் கலந்த வேப் நம் நாட்டிலும் காவல் துறையினரால் கைப்பற்றப்பட்டிருக்கிறது. திரவத்தைப் பார்த்து அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2019-ஆம் ஆண்டில் வேப் பிடித்த இளைஞர்கள் பலர் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைகளில் வந்து விழுந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டிருந்தனர். அவர்களில் 68 பேர் இறந்தனர். கஞ்சாச் சத்துள்ள திரவங்களில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருளே அதற்கு முக்கியக் காரணம் என்று கண்டறிந்தார்கள். வாயால் உட்கொள்ளத் தீங்கில்லாத பொருள்கூட, சூடாக்கி நுரையீரலுக்குள் இழுத்தால் உயிரை வாங்கிவிடக் கூடும் என்பது அந்தச் சம்பவம் உலகத்துக்குத் தந்த பாடம்.

நேயர்களே, சட்டம் மட்டும் போதுமா? நம் தோட்டத்து வரலாறே இதற்கு விடை சொல்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் தோட்டந்தோறும் கள்ளுக்கடை இருந்தது. அது சட்டப்படி உரிமம் பெற்ற கடை. எந்த நேரத்தில் திறக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் இருந்தன. ஆனாலும் சம்பள நாள் மாலையில் எத்தனை குடும்பங்களின் கூலி அந்தக் கடையில் கரைந்தது! 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடா தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பினார்கள். 1947-இல் பீடோங்கில் காவல் துறையினரோடு மோதல் மூண்டு உயிரிழப்பும் நேர்ந்தது. உரிமம் இருக்கிறது என்பதால் அந்தக் கடை நல்லது என்று அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நம் வீட்டுக்கு எது ஆகும், எது ஆகாது என்று நாமே தீர்மானிப்போம் என்றார்கள். அந்தத் தீர்மானம்தான் இன்றைக்கும் வேண்டியது. கலவரம் வேண்டியதில்லை, கண்காணிப்பு போதும்.

இனி நாம் செய்யக் கூடியவை என்ன?

பிள்ளையின் பையில் வேப்பைக் கண்டால் முதலில் அடிக்காதீர்கள். அடித்தால் அவன் ஒளித்து வைக்கும் இடத்தைத்தான் மாற்றுவான். எப்போது தொடங்கினான், எவ்வளவு அடிக்கடி இழுக்கிறான், எங்கே வாங்கினான் என்று பொறுமையாகக் கேளுங்கள். காலையில் எழுந்தவுடன் அதைத் தேடுகிறான் என்றால் பழக்கம் முற்றிவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள். அப்போது அது ஒழுக்கக் குறைவு என்பதைவிட, சிகிச்சை வேண்டிய நிலை. அரசாங்க சுகாதாரக் கிளினிக்குகளில் புகைப்பழக்கத்தை விடுவதற்கான ஆலோசனை கிடைக்கிறது. பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். அவர்களிடம் போவதில் வெட்கம் எதுவும் இல்லை.

தகப்பன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. வாசலில் உட்கார்ந்து சிகரெட்டை ஊதிக்கொண்டே மகனைப் பார்த்து 'வேப் பிடிக்காதே' என்று சொன்னால் அந்தச் சொல் காற்றோடு போய்விடும். தகப்பனும் மகனும் சேர்ந்தே கிளினிக்குக்குப் போகட்டும்.

சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் இன்னொரு ஆபத்து உண்டு. பழ வாசனை வீசும் திரவத்தைக் குழந்தை இனிப்பு என்று நினைத்து வாயில் வைத்துவிடக் கூடும். ஒரு வாய் அளவே அதன் உயிருக்கு ஆபத்தாகலாம். வாந்தி, வியர்வை, படபடப்பு, வலிப்பு ஆகியவை அறிகுறிகள். குழந்தையை வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். வாயைத் துடைத்துவிட்டு, திரவம் இருந்த குப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அல்லது 999-ஐ அழையுங்கள். தோலில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். தூக்கி எறிந்த கருவியின் மின்கலம் நெருப்புப் பிடிக்கக் கூடும். அதைக் குப்பையோடு சேர்த்து எரிக்காதீர்கள்.

கடைசியாக, பிள்ளைகளுக்கு விற்பவர் யாரென்று தெரிந்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் சொல்லுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். கோயில் கூட்டத்திலும் பேசலாம். ஒரு தாய் தனியாகச் சொன்னால் 'உன் பிள்ளையை நீ பார்த்துக்கொள்' என்பார்கள். தோட்டத்து நாற்பது குடும்பங்கள் சேர்ந்து சொன்னால் கேட்டே ஆக வேண்டும்.

வேப்பை முற்றிலும் தடைசெய்வது பற்றி ஆராய்ந்து வருவதாக 2025-ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சர் டாக்டர் சுல்கிப்ளி அகமது தெரிவித்தார். அந்த நாளுக்காகக் காத்திருந்து, அதுவரை வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட முடியாது.

'கெட்டதுன்னா கவர்மெண்டு விக்க விடுமா?' என்று மகன் கேட்டான். இனி அந்தத் தாய் இப்படிப் பதில் சொல்லலாம்: 'ஐயா, உனக்கு விற்க விடவில்லை. ஒரு காலத்தில் விட்டார்கள். அது தவறு என்று தெரிந்து சட்டம் போட்டார்கள். சட்டம் வருவதற்கு முன்பும் அது விஷம்தான். மருந்துக் கொட்டகையில் பூட்டி வைத்ததை நான் உன் கையில் கொடுப்பேனா? கொடு இப்படி. நாளைக்கு நாம் இரண்டு பேரும் கிளினிக்குக்குப் போவோம்.'

பிள்ளை ஒருவேளை உடனே கொடுக்காமல் போகலாம். மறுநாளும் கேளுங்கள், அதற்கு மறுநாளும் கேளுங்கள். விடியற்காலை இருட்டில் எழுந்து வேலைக்குப் போகும் தாய் தகப்பனுக்குப் பொறுமையைப் பற்றி நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.